சீனி தானாகக் குறைகிறதா? முதியவருக்கு நீரிழிவுச் சிறுநீரக நோய்: வீட்டில் செய்ய வேண்டியவை

இருபது வருடமாகச் சீனி வருத்தம் உள்ள ஒருவர் எழுபது வயதை நெருங்கும்போது, "இப்ப சீனி நல்லா வந்திட்டுது" என்று வீட்டில் பேச்சு எழும். முன்பு 200க்குக் கீழே வராத காலைச் சீனி இப்போது 110. சாப்பாடு மாறவில்லை, ஊசியின் அளவும் மாறவில்லை. ஆனால் சில நாட்களில் விடியப்புறம் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி எழும்புகிறார். பாவற்காய்ச் சாறு வேலை செய்கிறது என்று அயலில் சொல்வார்கள். பெரும்பாலும் சிறுநீரகம் வேலை செய்யாமல் போவதுதான் காரணம்.

நாம் ஏற்றும் இன்சுலினில் கணிசமான பங்கை உடைத்து அகற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் அதே அளவு இன்சுலின் இரத்தத்தில் கூடிய நேரம் நிற்கும். சீனி வருத்தத்துக்கான சில குளிசைகளும் அப்படியே தேங்கும். பசியும் குறைவதால் சீனி இறங்கும். ஆகவே காரணமில்லாமல் சீனி குறைந்தால் இரத்தத்தில் கிரியேற்றினின் (சிறுநீரகம் அகற்ற வேண்டிய ஒரு கழிவு) பார்க்க வேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கத் தேவையில்லை.

இந்த நோயில் வீட்டுப் பராமரிப்பு கடினமாவதற்கு முதற்காரணமும் இதுதான். சிறுநீரகம் நன்றாக இருந்த காலத்தில் கற்ற விதிகள் பல, அது தளர்ந்தபின் பொருந்தா. உடம்புக்குக் குளிர்ச்சி என்று குடித்த செவ்விளநீர், மூட்டு நோவுக்குப் போட்ட குளிசை, வயிற்றோட்டத்திலும் தவறாமல் விழுங்கிய பிரஷர் மருந்து எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டும்.

உள்ளே நடப்பது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்வடிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லீட்டர் அளவு நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் பெரும்பகுதியை மீளவும் உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சும் ஒன்றரை, இரண்டு லீட்டர்தான் சிறுநீர். வருடக்கணக்கில் சீனி கூடி நிற்கும்போது நுண்வடிகளுக்குள் அழுத்தம் ஏறி, அவற்றின் சுவர் தடித்து, ஓட்டையாகிறது. உள்ளே நிற்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். பிரஷரும் கூடினால் சேதம் இன்னும் வேகமாகப் போகும்.

நோவு இல்லை, எரிவு இல்லை, சலம் போவதிலும் குறைவில்லை. கால் வீங்கி, முகம் ஊதி, பசி கெடும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். சலத்தில் நுரை நின்றால் அது ஒரு குறிப்பு. ஆனால் நுரை இல்லை என்பதால் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் சிறுநீரக நோய் என்றதும் கிணற்றுத் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு எழும். அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளிலும் அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டியப் பக்கத்திலும் காணப்படும், காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக நோய் வேறு. அதில் சலத்தில் புரதம் கசிவது குறைவு. வயலில் வேலை செய்யும் நடுவயதினரையே அது அதிகம் பிடிக்கிறது. காத்தான்குடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ நீண்டகாலச் சீனி வருத்தத்தோடு இருக்கும் ஒரு முதியவருக்குச் சிறுநீரகம் பழுதானால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சீனியையும் பிரஷரையும். தண்ணீர் வடிகட்டி வாங்கி வைத்துவிட்டுப் பிரஷர் குளிசையை விட்டவருக்கு வடிகட்டியால் பயனில்லை.

இரண்டு எண்கள்

கிளினிக் கொப்பியில் பல எண்கள் இருக்கும். சிறுநீரகத்துக்கு இரண்டு போதும்.

ஒன்று, சலத்தில் அல்புமினுக்கும் கிரியேற்றினினுக்கும் உள்ள விகிதம். ஏசிஆர் என்று எழுதுவார்கள். ஒரு கிராம் கிரியேற்றினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் என்பதே இங்கே தரும் எண். 30க்குக் கீழே என்றால் சரி. 30 முதல் 300 வரை கசிவு தொடங்கியிருக்கிறது. 300க்கு மேல் கடுமையான கசிவு. காலையில் எழும்பியதும் போகும் முதற் சலமே இதற்கு நல்லது. காய்ச்சல், சலக்கிருமி, கடும் உடலுழைப்பு இருக்கும் நாட்களில் எடுத்தால் பொய்யாகக் கூடிக் காட்டும். அதனால் ஒரு தடவை கூடியதை வைத்து முடிவு கட்டுவதில்லை; 3 முதல் 6 மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, இரண்டிலாவது கூடியிருந்தால்தான் கசிவு உறுதி.

மற்றையது ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிக்கிறது என்ற மதிப்பீடு. கிரியேற்றினின், வயது, பால் மூன்றையும் வைத்துக் கணக்கிடுவது. 60க்கு மேல் பெரும்பாலும் ஆபத்தில்லை (சலத்தில் அல்புமின் கசியாவிட்டால்). 45 முதல் 59 வரை நிலை 3அ. 30 முதல் 44 வரை நிலை 3ஆ. 15 முதல் 29 வரை நிலை 4. 15க்குக் கீழே நிலை 5.

இங்கேதான் முதியவர்கள் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். கிரியேற்றினின் தசையிலிருந்து வருவது. வயது போய் உடல் மெலிந்தவருக்குத் தசை குறைவு. கிரியேற்றினினும் குறைவாகவே காட்டும். பரிசோதனைத் துண்டில் 1.3 மில்லிகிராம் என்று இருக்கும். சிலவிடங்களில் அதையே 115 மைக்ரோமோல் என்று எழுதுவார்கள். 30 வயது ஆணுக்கு அது ஈஜிஎஃப்ஆர் ஏறத்தாழ 76. 72 வயதுப் பெண்ணுக்கு அதே 1.3 ஏறத்தாழ 44, அதாவது நிலை 3ஆ. "1.3தானே, கொஞ்சம்தான் கூட" என்ற ஆறுதலை இந்த வயதில் நம்பக்கூடாது. துண்டில் கிரியேற்றினின் மட்டும் இருந்தால், "இது என்ட வயசுக்கு எத்தினை வீதம்?" என்று டொக்டரிடம் கேளுங்கள்.

கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளலாம்: திகதி, நிறை, பிரஷர், காலைச் சீனி, கிரியேற்றினின், ஈஜிஎஃப்ஆர், பொட்டாசியம், ஏசிஆர், ஈமோகுளோபின். எண்ணை விட அதன் போக்கு முக்கியம். வயதினால் வருடத்துக்கு ஏறத்தாழ 1 குறைவது இயல்பு. 5க்கு மேல் குறைந்தால் வேகமான சரிவு. துண்டுகளைப் பொலித்தீன் பைக்குள் திணித்து வைத்தால் இந்தப் போக்கு யாருக்கும் தெரியாது. வேறு வைத்தியசாலைக்குப் போகும் நாளில் பழைய எண் கிடைக்காமல் புதிய டொக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார்.

சீனி: கூடுவதை விடக் குறைவது ஆபத்து

இளவயதில் சீனியை மிகவும் குறைந்துபோக விடாமல் இறுக்கமாக வைப்பது நல்லது. எழுபது கடந்து, சிறுநீரகமும் தளர்ந்தவருக்கு அப்படியல்ல. வேறு வருத்தங்களும் உள்ள முதியவருக்குக் காலையில் 90 முதல் 150 வரையும், படுக்கப் போகும் முன் 100 முதல் 180 வரையும் பொதுவாகப் போதும். எச்பிஏ1சி (கடந்த 3 மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8 வரை ஏற்கத்தக்கது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: சிறுநீரகம் பழுதாகி இரத்தச்சோகையும் வந்தால் சிவப்பணுக்களின் ஆயுள் குறையும். அப்போது எச்பிஏ1சி உண்மையை விடக் குறைத்துக் காட்டும். வீட்டு மெசினில் 200க்கு மேல் வந்துகொண்டிருக்க எச்பிஏ1சி 6.5 என்றால், வீட்டு எண்களை எழுதி டொக்டரிடம் காட்டுங்கள்.

சீனி 70க்குக் கீழே போனால் நடுக்கம், வேர்வை, படபடப்பு. முதியவரில் இவை எப்போதும் இப்படி வராது. வாய் குழறுவது, சம்பந்தமில்லாமல் கோபப்படுவது, இருந்த இடத்தில் அசையாமல் இருப்பது, "பாரிசவாதம் வந்திட்டுது" என்று நினைக்க வைப்பது எல்லாம் சீனி குறைவாக இருக்கலாம். இதயத்துக்காக அட்டனொலொல், பிசொப்ரலோல் போன்றவை போடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துவிடும். வேர்வை மட்டும் எஞ்சும்.

செய்ய வேண்டியது: நினைவு இருந்தால் சீனி 3 தேக்கரண்டி குவித்து, ஏறத்தாழ 15 கிராம், அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். 70க்குக் கீழேயே நின்றால் இன்னொரு தடவை. ஏறியபின் இரண்டு பிஸ்கட்டோ ஒரு துண்டுப் பாணோ சாப்பிடட்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரைக்கேறும். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கிளிபென்கிளமைட், கிளிமெபிரைட் போன்ற குளிசையால் வந்த குறைவு ஒரு தடவை ஏறிய பின்னும் மணிக்கணக்கில் மறுபடி இறங்கும். அப்படியானவர் எழும்பி உட்கார்ந்தாலும் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும்.

மருந்துகளில் மூன்றைக் கவனியுங்கள். கிளிபென்கிளமைட் இந்த நிலைக்குப் பொருந்தாது. அது தேங்கி நிற்கும். கிளிக்கிளசைட் ஓரளவு பாதுகாப்பானது. மெட்போமின் நல்ல மருந்து, ஆனால் ஈஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போனால் நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். 30க்குக் கீழே நிறுத்த வேண்டும். இன்சுலின் அளவு சிறுநீரகம் தளரத் தளரக் குறைய வேண்டும். எந்த மாற்றமும் டொக்டர் சொல்லித்தான். ஆனால் "போன தடவை ஈஜிஎஃப்ஆர் 42, இப்ப 28, மெட்போமின் அதே அளவுதானா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் அந்தக் கேள்வி டொக்டருக்கும் உதவும்.

அண்மைக் காலத்தில் எம்பாகிளிஃபுளோசின், டபாகிளிஃபுளோசின் என்ற வகைக் குளிசைகள் வந்திருக்கின்றன. சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கும் சான்று இவற்றுக்கு வலுவாக உண்டு. ஈஜிஎஃப்ஆர் 20 வரை தொடங்கலாம். சலம் போகுமிடத்தில் பங்கசுத் தொற்று வரக்கூடும். சலம் போனபின் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

பிரஷர் குளிசை, பயமுறுத்தும் கிரியேற்றினின்

இலக்கு 130/80க்குக் கீழே. ஆனால் எழும்பும்போது தலைசுற்றி விழுபவருக்கு அந்த எண் ஆபத்து. இருந்து ஒரு தடவை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் இன்னொரு தடவை பாருங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் டொக்டரிடம் சொல்லி மருந்தைச் சரிசெய்ய வேண்டும். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிவது சாதாரண விஷயம் அல்ல.

பார்க்கும் முறையிலும் பிழைகள் வரும். தேத்தண்ணி குடித்து அரைமணி நேரத்துக்குள் பார்க்கக்கூடாது. சலத்தை அடக்கிக்கொண்டு பார்த்தால் கூடக் காட்டும். கால் தரையில் ஊன்றி, முதுகு சாய்ந்து, 5 நிமிடம் பேசாமல் இருந்து, கையை நெஞ்சளவில் வைத்து, சட்டைக் கைக்கு மேலால் அல்லாமல் தோலில் பட்டி கட்டிப் பாருங்கள்.

லொசாட்டன், எனலாப்ரில் போன்ற குளிசைகள் பிரஷரைக் குறைப்பதோடு, நுண்வடியிலிருந்து இரத்தம் வெளியேறும் வாயிலை விரித்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் தணிக்கின்றன. அழுத்தம் தணிந்தால் வடிப்பும் கொஞ்சம் குறையும். கிரியேற்றினின் சற்று ஏறும். 1.3 இருந்தது 1.6 ஆகலாம். முதல் 4 கிழமைக்குள் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததே. அல்புமின் கசிவு குறைந்தால் நீண்டகாலத்தில் இலாபம்தான். துண்டைப் பார்த்துப் பயந்து மருந்தை விட்டவர்கள் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார்கள். தொடங்கி 2 முதல் 4 கிழமைக்குள் கிரியேற்றினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் விடக்கூடாது. எனலாப்ரிலுக்கு விடாத வறட்டு இருமல் வந்தால் டொக்டர் லொசாட்டனுக்கு மாற்றுவார். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது.

வாந்தி, வயிற்றோட்டம் வரும் நாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டுவதென்றால் இதை ஒட்டுங்கள்.

உடம்பில் நீர் குறைந்த நாளில் சில மருந்துகள் சிறுநீரகத்துக்கு எதிராக மாறும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில், கெட்டுப்போன சாப்பாட்டால், டெங்குக் காய்ச்சலால், எதனாலும் சாப்பிடக் குடிக்க முடியாமல் போகலாம். முதியவருக்குத் தாகமும் மந்தம்; நா வறண்டது தெரியாமல் கிடப்பார். அந்த நாளில் நிறுத்தி வைக்க வேண்டியவை: மெட்போமின், லொசாட்டன் அல்லது எனலாப்ரில், சலம் போக்கும் குளிசைகள் (ஃபுரோசமைட், ஹைட்ரோகுளோரோதயசைட்), எம்பாகிளிஃபுளோசின் வகை. வழமைபோல் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்தின் பின் மீண்டும் தொடங்க வேண்டும். தொடங்க மறப்பதுதான் இதில் வழமையாக நடக்கும் பிழை. ஆகவே நிறுத்திய திகதியைக் கலண்டரில் எழுதுங்கள். இதயம் பலவீனமானவருக்குச் சலம் போக்கும் குளிசை பற்றிய விதி வேறுபடலாம். அடுத்த கிளினிக்கில் உங்கள் மருந்துகளில் எவற்றை இப்படி நிறுத்துவது என்று டொக்டரிடமே கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சுலினை முற்றாக நிறுத்தக்கூடாது. காய்ச்சலில் சாப்பிடாவிட்டாலும் சீனி ஏறும். 4 மணி நேரத்துக்கொரு தடவை குத்திப் பார்த்து, அளவை டொக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் பொடி) ஒரு பைக்கற் 1 லீட்டர் கொதித்தாறிய நீரில், சிறுகச் சிறுக. அதிலும் பொட்டாசியம் உண்டு என்பதால், ஏற்கெனவே பொட்டாசியம் கூடியவரும் நீர் அளவு குறைக்கச் சொல்லப்பட்டவரும் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் வாந்தி நிற்காவிட்டால், சலம் போவது வெகுவாகக் குறைந்தால், வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது.

நோவுக் குளிசையும் கசாயமும்

டைக்ளோபெனாக், ஐபுபுரோபன், மெபனமிக் அமிலம் எல்லாம் ஒரே குடும்பம். நுண்வடிக்குள் இரத்தம் வரும் வாயிலை இவை சுருக்கும். லொசாட்டன் வெளியேறும் வாயிலை விரித்து, சலம் போக்கும் குளிசை நீரைக் குறைத்திருக்க, டைக்ளோபெனாக்கும் சேர்ந்தால் வடிப்பதற்குத் தேவையான அழுத்தமே இல்லாமல் போகும். சில நாட்களில் கிரியேற்றினின் இரட்டிப்பானவர்கள் இப்படித்தான். பார்மசியில் "முழங்கால் நோவுக்கு ஒண்டு தாங்க" என்று கேட்கும்போது, சிறுநீரக வருத்தம் இருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோவுக்குப் பரசிற்றமோல்: 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு 6க்கு மேல் வேண்டாம். 50 கிலோவுக்குக் குறைந்தவர் ஒரு தடவைக்கு ஒன்றே போடட்டும். பனடோலும் பரசிற்றமோலும் ஒன்றே. இரண்டு பெயரில் இரண்டு மடங்கு போட வேண்டாம். பூசும் மருந்தும் வெந்நீர் ஒத்தடமும் உதவும்.

கசாயங்கள் எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் என்ன மூலிகை என்று தெரியாத பொடியை விழுங்குவது வேறு விஷயம். ஈஸ்வரமூலியில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நேரடியாக அழிப்பது, சலப்பாதைப் புற்றுநோயையும் தரவல்லது. காமரங்காயும் பிலிம்பிக்காயும் ஒக்சலேற் நிறைந்தவை. சீனிக்கு நல்லது என்று வெறும் வயிற்றில் சாறெடுத்துக் குடித்தவர்களுக்குத் திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. தளர்ந்த சிறுநீரகம் உள்ளவர் காமரங்காய் சாப்பிட்டு விடாத விக்கல், குழப்பம், வலிப்பு வந்தால் உடனே வைத்தியசாலை.

குசினி

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. இதை ஒவ்வொரு கறியிலும் அளக்க முடியாது. இலகுவான வழி பைக்கற்றைக் கணக்கெடுப்பது. நாலு பேருக்கு நாளுக்கு 20 கிராம், கிழமைக்கு 140 கிராம். பாண், பிஸ்கட், கருவாட்டிலிருந்தும் உப்பு வருவதால் சமையலுக்குக் கிழமைக்கு 100 கிராம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே 400 கிராம் உப்புப் பைக்கற் ஒன்று நாலு கிழமை வர வேண்டும். வாங்கிய திகதியைப் பைக்கற்றில் எழுதுங்கள். இரண்டு கிழமையில் முடிந்தால் எவ்வளவு கூட என்று கண்முன்னே தெரியும்.

எங்கே குறைப்பது? பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மா குழைக்கும்போதும், சோறு வடிக்கும்போதும் உப்புப் போடாதீர்கள். கறியில் இருக்கும் உப்பே போதும். சம்பலில் மாசி போட்டால் உப்பு வேண்டியதில்லை. கருவாட்டை ஒரு மணி நேரம் ஊறவைத்து இரண்டு தடவை தண்ணீர் மாற்றினாலும் உப்பு முழுவதும் போகாது. மாதத்தில் ஓரிரு தடவையாக்குங்கள். நம் வாவி, கடல் மீன் புதிதாகக் கிடைக்கும்போது கருவாடு பழக்கத்துக்காக மட்டுமே. அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், சூப் கட்டி எல்லாம் ஒரே கணக்கில்தான். உப்பு குறைந்த சுவைக்குப் புளி, தேசிக்காய், மிளகு, பெருஞ்சீரகம் கூட்டலாம். நாக்கு பழக ஒரு மாதம் அளவு பிடிக்கும். முதல் கிழமையில் முதியவர் சாப்பிடாமல் விட்டால் அது உப்பை விடக் கேடு. படிப்படியாகக் குறையுங்கள். "குறைந்த சோடிய உப்பு" என்று விற்பவற்றில் பொட்டாசியம் குளோரைட் இருக்கும். தளர்ந்த சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றத் திணறும்; அது கூடினால் இதயத்துக்கு ஆபத்து. வாங்க வேண்டாம்.

பொட்டாசியம் பற்றிப் பயம் முதலில் வேண்டாம், பரிசோதனை முதலில். 5.0க்குள் இருந்தால் கீரையையும் பழத்தையும் நிறுத்தக் காரணமில்லை. 5.5ஐ நெருங்கினால்தான் கட்டுப்பாடு. இளநீரில் 100 மில்லிலீட்டருக்கு 200 முதல் 250 மில்லிகிராம் வரை பொட்டாசியம். ஒரு செவ்விளநீர் முழுவதும் குடித்தால் இரண்டு வாழைப்பழத்துக்கு மேல். வெயிலில் நடந்து வந்தவருக்கு அன்பாகக் கொடுக்கும் முதற்பொருளே இதுவாக இருப்பதால் இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை ஆகியவற்றைச் சிறிதாக வெட்டி, கூடிய தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு கறியாக்கினால் பொட்டாசியத்தில் பாதியளவு வரை போகும். அவித்த நீரில் சொதி வைத்தால் போனதெல்லாம் திரும்பி வரும்.

புரதம் உடல் நிறை கிலோவுக்கு நாளுக்கு 0.8 கிராம். 60 கிலோவுக்கு 48 கிராம். வெந்தபின் 75 கிராம் வரும் ஒரு மீன் துண்டில் 16, அவித்த பருப்பு அரைக் கப்பில் 9, சிறு கிண்ணம் எருமைத் தயிரில் 4, மிச்சம் சோறு, பிட்டு, மரக்கறியிலிருந்து. "கிட்னி வருத்தம், மீன் முட்டை ஒண்டும் குடுக்காதீங்க" என்று பட்டினி போடுவது முதியவரின் தசையைக் கரைத்து, நடையைக் கெடுக்கும். டயலிசிஸ் தொடங்கியவருக்கு விதி மாறும். கூடுதல் புரதம் வேண்டும்.

தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீரகம் கழுவுப்படும் என்பது சரியல்ல. வீக்கம் இல்லாத நிலை 3இல் தாகத்துக்குக் குடித்தால் போதும். முன்காலெலும்பின் மேல் பெருவிரலால் 10 வினாடி அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் நீர் தேங்கியிருக்கிறது. காலையில் சலம் போனபின் நிறை பார்த்து, 3 நாளில் 2 கிலோ ஏறினால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

நோன்பு, விரதம், திருவிழா

கல்முனை, சம்மாந்துறை, ஏறாவூர், அக்கரைப்பற்றுக் குடும்பங்களில் மூத்தவர்கள் நோன்பை விடச் சம்மதிப்பதில்லை. ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே என்றால் நோன்பு மிக ஆபத்து. நிலை 3இலும் ஆபத்துதான். ஆகவே றமழானுக்கு 6 கிழமைக்கு முன்பே டொக்டரைச் சந்தித்து மருந்து நேரம் மாற்ற வேண்டும். சீனி 70க்குக் கீழேயோ 300க்கு மேலோ போனால் நோன்பை முறிக்கத்தான் வேண்டும். குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம். கஞ்சியில் உப்புக் குறைவாக. கந்தசஷ்டி விரதத்துக்கும் இதே எச்சரிக்கை.

உகந்தை வழியாகக் கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் குமணக் காட்டில் பல நாள் நடக்கிறார்கள். நீரிழப்பும் காலும்தான் அங்கே பிரச்சினை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்பைப் போன்றவற்றில், உணர்ச்சி மரத்த பாதத்தோடு இறங்கினால் வெந்தது பிறகுதான் தெரியும். பக்தியைத் தடுக்க வேண்டியதில்லை. நேர்த்தியை வேறு வகையில் நிறைவேற்றலாம். கோவில் நிர்வாகத்திடமும் சொல்லலாம்.

யார் பார்ப்பது

சுய பராமரிப்பு என்றாலும் தனியாகச் செய்வது அல்ல. கண்புரை உள்ளவருக்கு ஊசிக் குழாயின் கோடுகள் தெரியாது. நடுக்கமுள்ள கைக்குக் குளிசையைப் பாதியாக உடைக்க வராது. எட்டு வகைக் குளிசையைப் பேப்பர் கவர்களில் வைத்தால் காலையும் இரவும் மாறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரப்பிள்ளை ஒருவர் 7 நாள் பெட்டியில் நிரப்பி வைத்தால், திறக்காத கட்டமே விட்ட மருந்தைக் காட்டிவிடும். மருமகளிடம் மட்டும் எல்லாவற்றையும் விடாதீர்கள்: உப்பு ஒருவர், மருந்து ஒருவர், கிளினிக் திகதி ஒருவர். முதியவரைக் கேட்காமல் தட்டிலிருந்து பிடுங்குவதும் வேண்டாம். மிகவும் விரும்பும் ஒன்றை விட்டுவைத்து மற்றதைக் குறைத்தால்தான் அவரும் ஒத்துழைப்பார்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை வரை குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில். உறையும் பகுதியில் வைத்தால் கெட்டுவிடும். திறந்த போத்தலைத் திறந்த திகதியோடு 4 கிழமை வைக்கலாம். கரண்ட் இல்லாத வீட்டில் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீரில் நேரடியாகத் தொடாமல் வையுங்கள். மாரி வெள்ளத்தில் வீதி மூடும் இடங்களில், நவம்பர் தொடக்கத்திலேயே இரண்டு கிழமை மருந்தும், கொப்பியும், குளிசைப் பெயர்ப் பட்டியலும் நீர் புகாத பையில் இருக்கட்டும்.

ஈஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனால், சிறுநீரக வைத்திய நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதோடு வலக்கைக்காரர் இடக்கையின் முன்கை இரத்தக்குழாய்களைக் காக்கத் தொடங்க வேண்டும், இடக்கைக்காரர் வலக்கையை. நாளைக்கு டயலிசிஸ் தேவைப்பட்டால் அந்தக் கையில்தான் இரத்தக்குழாய் இணைப்புச் செய்வார்கள். இரத்தம் எடுக்க வருபவரிடம் புறங்கையைக் காட்டுங்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, முகம் வீங்குவது, கை கால் தளர்ந்து நாடி மெதுவாவது, நாள் முழுக்கச் சலம் வராதது ஆகிய நான்கில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருந்துப் பையோடும் கொப்பியோடும் அருகிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கு.